மூழ்கிய காட்டின் மீன்கள் யாருக்கு?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து வடமேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றையொட்டி ரீல்ஃபுட் ஏரி கிடக்கிறது. ஏரிகளுக்குள் இது இளையது. 1811 டிசம்பரிலிருந்து 1812 பிப்ரவரி வரை நியூ மாட்ரிட் வட்டாரத்தை உலுக்கிய நிலநடுக்கங்களில் காட்டு நிலம் தாழ்ந்து, அதில் நீர் தேங்கியது. நின்றபடியே மடிந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் நீருக்கடியில் உள்ளன. கரையோரத்தில் சைப்ரஸ் மரங்கள் நீரிலேயே வேரூன்றி நிற்கின்றன. அவ்வேர்களின் இடுக்குகளில் கிராப்பி, பாஸ், கெளுத்தி முதலிய மீன்கள் அடைகின்றன. கட்டைகளில் சிக்காமல் செல்ல, ஆழமற்ற நீருக்கேற்ற தட்டையான படகுகளை இவ்வூரார் சைப்ரஸ் பலகைகொண்டு செய்தனர். முன்னே பார்த்தவாறே வலிக்கும்படி அவற்றின் துடுப்புகளுக்குக் கீல் அமைத்தனர்.

மூழ்கிய நிலத்திற்கோ, மூழ்குமுன்பே பட்டா இருந்தது. அப்பழைய பத்திரங்களை வாங்கிச் சேர்த்த ஜேம்ஸ் ஹாரிஸ் என்பவர், நீரை வடித்து ஏரியை வயலாக்க எண்ணினார். அவருக்குப் பின் மேற்கு டென்னசி நிலக் கம்பெனி, ஏரியும் அதன் மீனும் தனக்கே உரியவை என்றது. தலைமுறைகளாக மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறுவோர் ஆயினர்.

1908-இல் முகமூடியணிந்த ‘இரவுக் குதிரையர்’ கிளம்பினர். அக்டோபர் 19 இரவு, கம்பெனியின் பங்குதாரர்களான வழக்கறிஞர்கள் இருவரை விடுதியிலிருந்து இழுத்துச் சென்றனர். குவெண்டின் ராங்கின் தூக்கிலிடப்பட்டார். டெய்லர் நீரில் குதித்துத் தப்பினார். ஆளுநர் பேட்டர்சன் படையோடு வந்தார். அறுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1909-இல் மாநில உச்ச நீதிமன்றம் நடைமுறைப் பிழைகளைக் காட்டி அதனை நீக்கியது.

இவர்களை ஏழைகளின் வீரர்கள் என்று மட்டும் பாடிவிட முடியுமா? அதே அக்டோபரின் தொடக்கத்தில், அருகிலுள்ள கெண்டக்கியின் ஹிக்மனில், இரவுக் குதிரையர் டேவிட் வாக்கர் என்ற கறுப்பின மனிதரின் வீட்டைத் தாக்கி, குடும்பத்தாரையும் குழந்தைகளையும் சுட்டனர். நியாயமான கோரிக்கையொன்று முகமூடிக்குள் புகுந்ததும், அதன் கை எளியவர் மீதும் நீண்டது. ஏரியின் கதையைச் சொல்வோர் ராங்கினின் பெயரை நினைவில் வைத்த அளவுக்கு வாக்கரின் பெயரை வைக்கவில்லை என்பதையும் நாம் கருதவேண்டும்.

இறுதியில் வழக்கைத் தீர்த்தது துப்பாக்கியன்று. 1913-இல் மாநில உச்ச நீதிமன்றம், இது படகு செல்லத்தக்க நீர்நிலை, ஆகவே இங்கு மீன்பிடிக்கும் உரிமை பொதுமக்களுடையது என்று தீர்ப்பளித்தது. இன்று தூண்டிலோடு வருபவர் மாநில அரசின் உரிமம் பெற்றுச் சைப்ரஸ் நிழலில் படகை நிறுத்துகிறார். அவ்வுரிமைக்கு முன்னே நடந்தவை முழுவதையும், இருண்ட பக்கம் உட்பட, நாம் அறிந்திருப்பதே முறை.