'கேட்'டும் 'நட'யும்: ஒரு சொல்லாராய்ச்சிக் குறிப்பு

அதியன்னூர் முதல் பாறசாலை வரையுள்ள எல்லைச் சிற்றூர்களில் வீட்டு மதிலில் இருப்பது 'கேட்'. தண்டவாளத்தின் குறுக்கே சாலையை மறிப்பதும் 'கேட்'. கோயிலுக்கு மட்டும் அச்சொல் பொருந்துவதில்லை. அங்கே கிழக்கே நட, வடக்கே நட என்பனவே வழக்கு. சபரிமலைச் செய்திகளின் வழியாக 'நடை திறப்பு', 'நடை அடைப்பு' ஆகிய தொடர்கள் தமிழர் அனைவர்க்கும் பழக்கமானவை. நடத்தலைக் குறிக்கும் சொல் எவ்வாறு வாயிலுக்குப் பெயராயிற்று?

இதற்கு ஆங்கிலத்திலேயே ஓர் இணை உண்டு. 'கேட்' என்ற ஒரே ஒலியில் அங்கு இரு சொற்கள் வழங்கின. ஒன்று, மதிலில் விடப்பட்ட திறப்பைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். மற்றொன்று, வைக்கிங்குகளின் நோர்சு மொழியிலிருந்து வந்த, 'வழி, தெரு' எனப் பொருள்படும் சொல். யார்க் நகரின் ஸ்டோன்கேட், மிக்கில்கேட் என்பவை வாயில்கள் அல்ல, தெருக்கள். அந்நகரின் மதில் வாயிலுக்குப் பெயர் 'பார்'. மிக்கில்கேட் தெருவின் முனையில் நிற்கும் வாயில் 'மிக்கில்கேட் பார்' எனப்படுகிறது. வழியைக் குறித்த இச்சொல்லிலிருந்தே நடையின் பாங்கைக் குறிக்கும் 'கெய்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் கிளைத்தது. அங்கே வழியிலிருந்து நடை பிறந்தது. இங்கே நடையிலிருந்து வாயில் பிறந்தது.

தமிழின் பொதுச்சொல்லாகிய 'வாயில்' வேறு திசையில் சென்றது. இல்வாய் என்பது முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று என இலக்கண நூலார் இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டுவர். உயிர் உசிராகவும் முயல் முசலாகவும் ஆனதுபோல் அது பேச்சில் வாசல் ஆயிற்று. அகத்திணை மரபில் தலைவிக்கும் தலைவனுக்கும் இடையே தூது செல்வோரும் வாயில்களே. தொல்காப்பியக் கற்பியல் அத்தகையோர் பன்னிருவரைக் கூறும். அவர்களை ஏற்காது திருப்பியனுப்புதல் 'வாயில் மறுத்தல்'. ஈழத்திலோ கேட்டுக்குப் 'படலை' என்ற அழகிய சொல் இன்றும் வாழ்கிறது.

மறுத்தல் என்பது அகத்துறையோடு நின்றிருந்தால் இக்குறிப்பை இங்கேயே முடித்திருக்கலாம். நட என்று பெயர் பெற்ற இடத்தில் நடக்கவே கூடாதெனப் பெருந்தொகையான மக்கள் தடுக்கப்பட்டிருந்தனர் என்பதே திருவிதாங்கூர் வரலாறு. கோயில் உட்புறம் இருக்கட்டும், பல பொதுச்சாலைகளும் அவர்களுக்கு அடைபட்டிருந்தன. இன்று அதியன்னூர் வட்டார ஊராட்சியில் அடங்கும் வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்றதன் பொருள் இப்பின்னணியில்தான் விளங்கும். அவர் கேட்டது கோயில் வாயிலை அன்று. அதற்கும் முன்னதான வழியை.

அதே சமஸ்தானத்தின் வடபகுதியிலுள்ள வைக்கத்தில் 1924 மார்ச் 30 அன்று சத்தியாக்கிரகம் தொடங்கியது. தந்தை பெரியார் அதில் பங்கேற்றுச் சிறை சென்றதைத் தமிழகம் நன்கறியும். அங்கும் கோரிக்கை கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளைப் பற்றியதே. 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கச் சாலைகள் திறந்தன. கிழக்குப் பக்கம் திறக்கவில்லை.

1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனம், அரசின் ஆளுகையிலிருந்த கோயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்துவிட்டது. மலையாளத்தில் அதன் பெயர் 'க்ஷேத்திரப் பிரவேசன விளம்பரம்'. அரசாணை வடசொல்லைத் தேர்ந்தது. மக்கள் நாவில் அன்றும் இன்றும் நட, நடதான். வில்லுவண்டிக்கும் பிரகடனத்துக்கும் இடையே 43 ஆண்டுகள். முதலில் வழி, பிறகு வாயில் என்ற வரிசையில்தான் உரிமையும் வந்தது. நட என்னும் சொல்லின் பொருள் வளர்ந்த வரிசையும் அதுவே.

உங்கள் ஊரில் வாயிலுக்கு வேறு பெயர் வழங்குமாயின் அறியத் தாருங்கள்.