கல்லில்லாத கல்லறைகள்

சாத்தான்குளத்திற்குத் தெற்கே, தேரி என்னும் செம்மணற்காட்டின் ஓரத்தில் எங்கள் முன்னோரின் சிற்றூர் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, வெளியூர்களில் வாழும் எங்கள் குடும்பத்தார் அங்கே கூடுவோம். முன்னோர் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மாலையில் மலர் தூவி மெழுகுதிரி ஏற்றுவோம். வேந்தர்களின் ஆட்சியாண்டுகளை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளை ஒப்பிக்கச் செய்தவன் நான். ஆயினும் என் பாட்டனாரின் பாட்டியார் எங்கே அடக்கமானார் என்பது எனக்குத் தெரியாதிருந்தது!

இப்பகுதியில் கிறிஸ்தவர்க்கென முதன்முதலில் அமைந்த தனிக்குடியிருப்பு முதலூர். 1799இல் டேவிட் சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் முயன்று நிறுவியது. பின்னர்ச் சபைகள் பெருக, ஊர்தோறும் கல்லறைத் தோட்டங்களும் தோன்றின. கால்கள் கிழக்கு நோக்குமாறு உடலைக் கிடத்துவது வழக்கம். உயிர்த்தெழுதலின் விடியலை எதிர்நோக்கிய கிடை அது. வசதியுடையோர்க்குச் செங்கல்லும் சுண்ணாம்புமாய் மேடையும், பெயர் பொறித்த கல்லும் அமைந்தன. பனையேறிப் பிழைத்தோர்க்கு மண்மேடுதான். ஆனி, ஆடிக் காற்றில் மணல் இடம்பெயரும் நாட்டில் மண்மேடு எத்தனை காலம் நிற்கும்?

எங்கள் தோட்டத்தின் தென்மேற்கு மூலையில் கல்லே இல்லை. அங்கு எவரையும் அடக்கம் செய்ததில்லை என்றே பலரும் எண்ணினர். புதிய கல்லறைகளுக்கு இடம் போதாமையால், அம்மூலையைச் சமன்செய்து பயன்படுத்தலாமென்று சில ஆண்டுகளுக்கு முன் சபைக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. என் அத்தையார் ஒருவரே எழுந்து மறுத்தார். அவர் ஆண்டுதோறும் ஒரு மெழுகுதிரியை அம்மூலைப் பனையடியில் வைத்துவிட்டு வருவார். காரணம் கேட்டால், "என் பாட்டி வைத்தாள், நானும் வைக்கிறேன்" என்பதே விடை. கூட்டத்தார் சிரித்தனர். உண்மையைச் சொன்னால், நானும் அன்று வாய் திறக்கவில்லை.

மறுவாரம் குருவானவரின் இசைவு பெற்றுப் பழைய அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். பெயர், வயது, ஊர், அடக்கம் செய்த நாள், செய்வித்தவர் எனக் கட்டங்கள். 1877ஆம் ஆண்டுக்கு வந்தபோது என் கை நின்றது. முந்திய ஆண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தில் அடங்கிவிட, அவ்வாண்டு பக்கம் பக்கமாக ஓடிற்று. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1876இல் பருவமழை பொய்த்தது; சென்னை மாகாணம் 1878 வரை வாடியது. வைசிராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், 1877இன் தொடக்கத்தில், பஞ்ச நிவாரண வேலை செய்வோரின் நாட்கூலியை ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். அது உயிர் தாங்கப் போதாதென்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். பசியால் நலிந்த உடல்களை வாந்திபேதி எளிதில் கொண்டுபோயிற்று. இவற்றையெல்லாம் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அயலார் கதைபோல.

அப்பக்கங்களின் நடுவே என் பாட்டனாரின் பாட்டியார் இருந்தார். கணவர் பெயரைச் சொல்லி, 'இவர் மனைவி, வயது 27' என்ற அளவே. அவருடைய பெயர் இல்லை. கணவர் பெயரும் நாளும் எங்கள் வீட்டு வேதாகமத்தின் முன்தாளிலுள்ள குறிப்போடு ஒத்தமையால் ஆளைப் பற்றி ஐயமில்லை. குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு வழிவழியாக ஒரே பெயரை இடுகிறோம். அதுவே அவர் பெயரென்று அத்தையார் உறுதியாகச் சொல்கிறார். இருக்கலாம். ஆயினும் அது ஊகம், சான்று அன்று.

பதிவேடு இடத்தைச் சொல்லாது. ஆனால் அவ்வாண்டு அடக்கமானோருள் கல்லுடையார் இருவரே. மற்றவர் எங்கே? தோட்டத்தில் கல்லற்ற இடம் அம்மூலை ஒன்றுதான். ஏடும் மெழுகுதிரியும் ஒரே இடத்தைக் காட்டின.

அடுத்த கூட்டத்தில் அப்பக்கங்களை உரக்கப் படித்தேன். பாதிக்கு வருமுன்னரே, தம் வீட்டுப் பெயரைக் கேட்டவர்கள் ஒவ்வொருவராகத் தலைநிமிர்ந்தனர். புதிய கல்லறைகளுக்குக் கிழக்கே வேறிடம் ஒதுக்கப்பட்டது. சென்ற நவம்பரில் அப்பனையடியில் மெழுகுதிரிகள் பல எரிந்தன. அத்தையாரால் இப்போது அவ்வளவு தூரம் நடக்க இயலாமையால், அவருடையதை நான் ஏற்றினேன்.