கப்பல் சுற்றுலா: ஹேர் ட்ரையர், ஸ்ட்ரெய்ட்னர் எடுத்துட்டுப் போகலாமா? அயர்ன் பாக்ஸுக்கு மட்டும் ஏன் தடை? முழு விவரம்

சென்னை துறைமுகத்தில் இருந்து 2022 ஜூன் மாதம் சொகுசுக் கப்பல் சுற்றுலா தொடங்கியது. 2023 ஜூனில் அதே கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைக்கும் போய் வந்தது. சிங்கப்பூர் வரை விமானத்தில் போய், அங்கிருந்து பெரிய கப்பல்களில் ஏறும் தமிழ்க் குடும்பங்களும் ஏராளம்.

கப்பலில் டின்னர், பார்ட்டி, போட்டோ என்று தினமும் அலங்காரத்துக்கு வேலை இருக்கும். அதனால் சூட்கேஸில் ஹேர் ட்ரையர், ஸ்ட்ரெய்ட்னர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாம் ஏறிவிடுகின்றன. ஆனால் இதில் பாதி, கப்பல் ஏறும் முன்பே ஸ்கேனரில் பிடிபட்டுவிடும். எதை எடுத்துட்டுப் போகலாம், எதை வீட்டிலேயே வைக்க வேண்டும், அதற்கு என்ன காரணம்? பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

பொதுவாக அனுமதி உள்ளவை:
- ஹேர் ட்ரையர்
- ஸ்ட்ரெய்ட்னர், கர்லர்
- ட்ரிம்மர், எலக்ட்ரிக் ஷேவர்
- எலக்ட்ரிக் டூத் பிரஷ்
- செல்போன், லேப்டாப் சார்ஜர்கள்
- சிபாப் போன்ற மருத்துவக் கருவிகள்

பொதுவாக அனுமதி இல்லாதவை:
- அயர்ன் பாக்ஸ், துணிக்கான ஸ்டீமர்
- கெட்டில், காபி மேக்கர், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு
- மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கற்பூரம், விளக்கு
- சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

இது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் சில வித்தியாசங்கள் உண்டு. டிக்கெட்டோடு வரும் தடை செய்யப்பட்ட பொருட்கள் பட்டியலை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஒரே காரணம்தான்: தீ. ஊரில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வெளியே ஓடிவிடலாம், தீயணைப்பு வண்டி வரும். நடுக்கடலில் இரண்டுக்கும் வழியில்லை. கப்பல் ஊழியர்களேதான் தீயை அணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பயணிகள் அதே கப்பலில்தான் இருந்தாக வேண்டும்.

2006 மார்ச் 23 அன்று நடந்ததை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 'ஸ்டார் பிரின்சஸ்' என்ற கப்பல் சுமார் 3,800 பேருடன் கரீபியன் கடலில் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதிகாலை 3 மணி அளவில் ஒரு கேபினின் பால்கனியில் தீப்பிடித்தது. அடுத்தடுத்த பால்கனிகள், அடுக்குகள் என மளமளவென்று பரவியது. புகையை சுவாசித்ததால் ஒரு பயணி உயிரிழந்தார். 13 பேருக்கு சிகிச்சை அளிக்கப்பட்டது.

இதை விசாரித்த பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, யாரோ வீசிய சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்ற முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு பால்கனித் தடுப்புகள், அங்கு போடும் நாற்காலிகள் வரை தீ பாதுகாப்பு விதிகள் கடுமையாகின. சர்வதேச கடல் பாதுகாப்பு ஒப்பந்தமான 'சோலாஸ்' விதிகள் அதே ஆண்டு டிசம்பரில் திருத்தப்பட்டு, 2008 ஜூலையில் அமலுக்கு வந்தன.

அங்கே காரணம் மின்சாதனம் இல்லைதான். ஆனால் ஒரு சிகரெட் நுனி அளவு சூடே ஒரு கப்பலை அந்த நிலைக்குக் கொண்டுபோக முடியும் என்றால், மெத்தை மேல் மறந்து வைத்த அயர்ன் பாக்ஸ் என்ன செய்யும் என்று யோசித்துப் பார்த்தால் போதும்.

ஸ்ட்ரெய்ட்னரும் சூடாகுதே, அதுக்கு மட்டும் எப்படி ஓகே?

பலருக்கும் வரும் நியாயமான சந்தேகம் இது. ஸ்ட்ரெய்ட்னரின் தகடும் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. ஆனால் வித்தியாசம் இருக்கிறது.

வீட்டில் பயன்படுத்தும் பல ஸ்ட்ரெய்ட்னர்கள் 100 வாட்டுக்குள் இயங்குபவை. சாதாரண அயர்ன் பாக்ஸ் 750 முதல் 1,000 வாட், ஸ்டீம் அயர்ன் அதற்கும் மேல். அயர்ன் பாக்ஸின் சூடான பரப்பும் பெரியது. அதோடு, கேபினில் தேய்ப்பதற்கென்று தனி மேஜை கிடையாது. எல்லோரும் கட்டில் மேல் துண்டை விரித்துத்தான் தேய்ப்பார்கள். சூடான பொருளும் மெத்தையும் ஒரே இடத்தில் சேருவதுதான் ஆபத்து.

ராயல் கரீபியன், கார்னிவல் ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் அயர்ன் பாக்ஸைத் தடை செய்து, ஹேர் ட்ரையர், ஸ்ட்ரெய்ட்னர், கர்லர் போன்றவற்றை அனுமதிக்கின்றன. ஆனால் கார்னிவலில் ஒரு நிபந்தனை: கேபினை சுத்தம் செய்யும் ஊழியர், நீங்கள் பயன்படுத்தும் விதம் ஆபத்து என்று நினைத்தால், அதை எடுத்து வைக்கச் சொல்லலாம். சூடான ஸ்ட்ரெய்ட்னரைக் கட்டில் மேல் வைத்துவிட்டு டின்னருக்குப் போய்விட்டால் அதுதான் நடக்கும்.

ஹேர் ட்ரையரை எடுத்துட்டுப் போகவே தேவையில்லை. பெரும்பாலான கப்பல்களில் கேபினிலேயே ஒன்று இருக்கும். மேஜை டிராயரிலோ பாத்ரூம் சுவரிலோ பார்க்கலாம். வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

இந்திய ஸ்ட்ரெய்ட்னர் கப்பலில் வேலை செய்யுமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். பல சர்வதேசக் கப்பல்களில் கேபினுக்குள் இரண்டு வகை பிளக் பாயிண்ட் இருக்கும். ஒன்று அமெரிக்க வகை, 110 வோல்ட், தட்டையான இரண்டு கால் பின்னுக்கானது. இன்னொன்று ஐரோப்பிய வகை, 220 வோல்ட், உருண்டையான இரண்டு கால் பின்னுக்கானது.

நம் ஊர் சாதனத்தை 110 வோல்ட்டில் சொருகினால் என்ன ஆகும்? வோல்டேஜ் பாதியானால் சூடும் பாதியாகக் குறையும் என்று நினைப்போம். உண்மையில் கால்வாசி ஆகிவிடும். 230 வோல்ட்டுக்கான 1,200 வாட் ட்ரையர், 110 வோல்ட்டில் ஏறக்குறைய 275 வாட் வேலைதான் செய்யும். வெதுவெதுப்பான காற்று வரும், முடி காயாது.

மாறாக நடந்தால்தான் ஆபத்து. அமெரிக்காவில் இருந்து உறவினர் வாங்கி வந்த, 110–120 வோல்ட்டுக்கு மட்டுமான ஸ்ட்ரெய்ட்னரை 220 வோல்ட் பாயிண்ட்டில் சொருகினால், மூன்று நான்கு மடங்கு சக்தி இழுக்கும். சில நொடிகளில் கருகும், தீப்பிடிக்கவும் செய்யலாம்.

கிளம்பும் முன் சாதனத்தின் கைப்பிடியிலோ சார்ஜரிலோ உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள்.
- 100–240 வோல்ட் என்று இருந்தால் இரண்டு பாயிண்ட்டிலும் வேலை செய்யும். செல்போன், லேப்டாப், ட்ரிம்மர் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.
- 220–240 வோல்ட் என்று மட்டும் இருந்தால் 220 வோல்ட் பாயிண்ட் மட்டுமே.
- 110–120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் 110 வோல்ட் பாயிண்ட் மட்டுமே.

அடாப்டர் போட்டால் போதுமா?

அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது. கடையில் வாங்கும் 'யுனிவர்சல் அடாப்டர்' பலவும் இப்படித்தான். 'அடாப்டர் போட்டேன், இருந்தும் புகைஞ்சு போச்சு' என்பவர்களின் பிரச்சினை இதுதான்.

நம் ஊர் செல்போன் சார்ஜரின் இரண்டு உருண்டைக் கால் பின் ஐரோப்பிய பாயிண்ட்டில் அப்படியே பொருந்தும். மூன்று கால் பின் பொருந்தாது, அதற்கு அடாப்டர் வேண்டும்.

பாத்ரூமில் ஷேவருக்கு என்று படம் போட்ட பாயிண்ட் இருந்தால், அதில் ஷேவர், டூத் பிரஷ் தவிர வேறு எதையும் சொருகக் கூடாது. மிகக் குறைந்த மின்சாரம் மட்டுமே தரும் பாயிண்ட் அது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏன் கூடாது?

ஒரு கேபினில் நாலு பேர், எட்டு சார்ஜர், இரண்டே பிளக் பாயிண்ட். பழைய கப்பல்களில் இந்தத் தட்டுப்பாடு இன்னும் அதிகம். எம்பிரஸ் கப்பலே 1990-ல் கட்டப்பட்டதுதான். அப்போது கேபினில் செல்போன் சார்ஜ் செய்யும் தேவையே இல்லை. அதனால் பலரும் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துட்டு வருகிறார்கள்.

ஆனால் கப்பலின் வயரிங் வீட்டு வயரிங் போன்றது இல்லை. வீட்டில் ஒரு வயர் பேஸ், இன்னொன்று நியூட்ரல். சர்ஜ் புரொடெக்டர் ஆபத்து வந்தால் பேஸ் வயரை மட்டும் துண்டிக்கும், பிரச்சினை முடிந்தது. பல கப்பல்களில் இரண்டு வயரிலுமே கரண்ட் இருக்கும். ஒன்றைத் துண்டித்தாலும் இன்னொன்று உயிரோடு இருக்கும். கப்பலில் எங்கோ ஒரு எர்த் கோளாறு ஏற்பட்டால், சர்ஜ் புரொடெக்டரே சூடாகித் தீப்பிடிக்கலாம். பாதுகாப்புக்காக வாங்கியதே ஆபத்தாக மாறும் இடம் இது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-ல் இது குறித்துத் தனி எச்சரிக்கையே வெளியிட்டது.

ராயல் கரீபியன் 2024 செப்டம்பரில் ஒரு படி மேலே போய், சர்ஜ் புரொடெக்டர் இல்லாத மல்டி பிளக்குகளையும் தடை செய்தது. கார்னிவலில் சர்ஜ் புரொடெக்டர் இல்லாதவற்றுக்கு அனுமதி உண்டு.

எளிய வழி: நான்கைந்து யூஎஸ்பி ஓட்டைகள் மட்டும் உள்ள ஒரே சார்ஜர். ஒரு பாயிண்ட்டில் சொருகினால் குடும்பத்தின் எல்லா போனும் சார்ஜ் ஆகிவிடும்.

கெட்டில், குக்கர், கற்பூரம்...

கைக்குழந்தையோடு போகிறவர்கள் வெந்நீருக்காகவும், பெரியவர்களோடு போகிறவர்கள் கஞ்சிக்காகவும் கெட்டிலோ சின்ன குக்கரோ எடுத்துட்டுப் போவது நம்மிடம் வழக்கம். பெரும்பாலான கப்பல்களில் இதற்கு அனுமதி இல்லை. வெந்நீர், பஃபே பகுதியில் உள்ள பானம் எடுக்கும் இடத்தில் கிடைக்கும். ஒரு நல்ல பிளாஸ்க் எடுத்துட்டுப் போனால் இரவுக்கும் கவலையில்லை. ஜெயின் உணவு, குழந்தை உணவு போன்ற தேவைகளை புக்கிங் நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் காபி என்பவர்கள், கற்பூரமும் ஊதுபத்தியும் இல்லாமல்தான் சமாளிக்க வேண்டும். பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி விளக்கில் தீ இல்லை என்பதால் பொதுவாகப் பிரச்சினை வராது.

பட்டுப்புடவை கசங்கிட்டா?

கார்னிவல், பிரின்சஸ், டிஸ்னி நிறுவனங்களின் கப்பல்களில் பயணிகளே துணி துவைத்துத் தேய்த்துக்கொள்ளும் அறைகள் உள்ளன. ராயல் கரீபியனில் அந்த வசதி இல்லை, பணம் கொடுத்து லாண்டரியில் தேய்த்து வாங்கலாம். செலவு வேண்டாம் என்றால், குளிக்கும்போது சட்டையை பாத்ரூமில் மாட்டி வையுங்கள். ஆவியில் சுருக்கம் ஓரளவு போய்விடும்.

மருத்துவக் கருவிகளுக்கு என்ன விதி?

தூக்கத்தில் மூச்சுத் திணறல் உள்ளவர்கள் பயன்படுத்தும் சிபாப் கருவிக்கு அனுமதி உண்டு. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே தகவல் கொடுத்தால், கப்பல் நிறுவனமே பாதுகாப்பான எக்ஸ்டென்ஷன் வயரும், கருவிக்குத் தேவையான டிஸ்டில்டு வாட்டரும் ஏற்பாடு செய்யும்.

முக்கியமான விஷயம்: மருந்தையும் மருத்துவக் கருவியையும் பெரிய சூட்கேஸில் போடாதீர்கள். துறைமுகத்தில் கொடுக்கும் சூட்கேஸ் கேபினுக்கு வர மாலை ஆகிவிடலாம். அவற்றைக் கைப்பையில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

விமானத்தில் போய் கப்பல் ஏறுபவர்கள் கவனத்துக்கு

- பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். செக்-இன் லக்கேஜில் போடக் கூடாது. 100 வாட்-ஹவர் வரை பொதுவாகப் பிரச்சினையில்லை. சாதாரண 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-ஹவர்தான்.
- வயர் இல்லாத, லித்தியம் பேட்டரி ஸ்ட்ரெய்ட்னரையும் கைப்பையில் வைப்பது நல்லது. விமான நிறுவனத்தின் விதியையும் பார்த்துவிடுங்கள்.
- கேஸில் இயங்கும் கர்லர் என்றால் ஒருவருக்கு ஒன்று, மூடியோடு மட்டும். கூடுதல் கேஸ் ரீஃபில் கொண்டுபோகவே கூடாது.

ஸ்கேனரில் பிடிபட்டால் என்ன ஆகும்?

சூட்கேஸ்கள் கப்பலில் ஏற்றப்படும் முன் எக்ஸ்ரே ஸ்கேன் செய்யப்படும். அயர்ன் பாக்ஸ் போன்றவை இருந்தால் சூட்கேஸைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் டின்னருக்குக் கிளம்பும் நேரத்தில் நீங்கள் பாதுகாப்பு அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பொதுவாகப் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுப்பார்கள், பயணம் முடியும்போது திருப்பித் தருவார்கள். இறங்கும் அவசரத்தில் அதை வாங்க மறக்காதீர்கள்.

கேபினில் இதை மறக்காதீர்கள்

- ஸ்ட்ரெய்ட்னரை மேஜை மேல் மட்டும் வையுங்கள். கட்டில், துண்டு, திரைச்சீலை பக்கம் வேண்டாம்.
- வேலை முடிந்ததும் ஸ்விட்சை மட்டும் அணைக்காமல், பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பல கேபின் பாயிண்ட்களில் நம் வீட்டைப் போல ஸ்விட்ச் இருக்காது.
- முழுவதும் ஆறிய பிறகே பையில் வையுங்கள். கப்பல் ஆடும்போது சூடான சாதனம் உருண்டு விழலாம்.
- ட்ரையரையும் ஸ்ட்ரெய்ட்னரையும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டாம், கேபினில் கரண்ட் ட்ரிப் ஆகலாம்.
- புகை, கருகிய வாசனை ஏதாவது வந்தால், நாமே சமாளித்துவிடலாம் என்று காத்திருக்காமல் உடனே போனில் ஊழியர்களைக் கூப்பிடுங்கள்.