அருவிக் கரையில் கிடந்த கடிதம்

கதாசிரியர்களுக்கு வரும் கடிதங்களில் பல ஜாதி உண்டு. புகழ்ந்து வருவது ஒன்று; வைது வருவது ஒன்று. மூன்றாம் அத்தியாயத்தில் நீலப் புடவை கட்டியிருந்த கதாநாயகி, அதே மாலையில், நான்காம் அத்தியாயத்தில், பச்சைப் புடவைக்கு எப்படி மாறினாள் என்று விசாரித்து வருவது ஒன்று. இவை எல்லாவற்றையும் விட விசித்திரமான ஜாதி இன்னொன்று இருக்கிறது. அது ஆசிரியருக்கு எழுதப்பட்டதே அல்ல. கதைக்குள் உலாவும் மனிதருக்கு எழுதப்பட்டது. ஆசிரியர் அங்கே வெறும் தபால்காரர். அந்த மனிதரின் விலாசம் தெரியாத காரணத்தால் இவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தபால்காரர் உத்தியோகத்தை விருப்பமில்லாமலே ஏற்று, முப்பது வருஷத்துக்கு மேல் வகித்தவர் ஸர் ஆர்தர் கானன் டாயில். கடிதங்களுக்கு உரியவர் ஷெர்லக் ஹோம்ஸ்.

ஹோம்ஸைத் துப்பறியும் நிபுணர் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நான் அவரை வாத்தியார் என்றே சொல்வேன். அந்தக் கதைகளில் திருட்டும் கொலையும் இருக்கின்றன. சில கதைகளில் இரண்டுமே இல்லை. ஆனால் கதைக்குக் கதை தவறாமல் நடப்பது ஒரு பாடம். கணப்பருகே வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். எதிரே டாக்டர் வாட்ஸன் என்னும் மாணாக்கர். 1891-இல் வெளியான ஒரு கதையில், தினந்தோறும் ஏறி இறங்கும் மாடிப்படிகள் எத்தனை என்று வாத்தியார் கேட்கிறார். நூற்றுக்கணக்கான தடவை ஏறியவர்தாம் வாட்ஸன். ஆனாலும் தெரியவில்லை. பதினேழு என்கிறார் வாத்தியார். கண் திறந்திருப்பது வேறு, கவனிப்பது வேறு என்பது அன்றையப் பாடம். அந்தப் பாடத்தை வாட்ஸன் கடைசி வரையில் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் நமக்கெல்லாம் பெரிய ஆறுதல். நாமும் நம் வீட்டுப் படிகளை எண்ணினவர்கள் அல்லவே!

டாயிலுக்கு இப்படி ஒரு வாத்தியார் வாழ்க்கையிலேயே வாய்த்திருந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் படித்தபோது அவருக்கு ஆசிரியராக இருந்த ஜோசப் பெல்தான் அவர். நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் என்ன தொழில் செய்கிறான், எங்கிருந்து வருகிறான் என்றெல்லாம் பெல் சொல்லிவிடுவாராம். 1892-இல் முதல் பன்னிரண்டு கதைகள் புத்தகமாக வந்தபோது டாயில் அதை இந்தப் பழைய ஆசிரியருக்கே காணிக்கையாக்கினார். நல்ல குருதட்சிணைதான். ஆனால் அடுத்த வருஷமே அந்தக் குருவின் சாயலைக் கொண்டுபோய் அருவியில் தள்ளிவிட்டார்!

ஏன் தள்ளினார்? அலுப்பு. முதல் ஹோம்ஸ் நாவல் 1887-இல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வெளிவந்தபோது, முழு உரிமையையும் 25 பவுனுக்கு விற்றிருந்தார். அதை அப்போது பெரிதாகக் கொண்டாடினவர் இல்லை. 1891 ஜூலையிலிருந்து ‘ஸ்ட்ராண்ட்’ மாதப் பத்திரிகையில், ஸிட்னி பாஜெட்டின் சித்திரங்களோடு சிறுகதைகளாக வரத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. ஊரெங்கும் ஹோம்ஸ் பேச்சு. ஆசிரியருக்கோ சரித்திர நாவல்கள்தாம் உயிர். ஹோம்ஸின் புகழ் அவற்றை அமுக்குகிறது என்று அவருக்குக் குறை. அந்த வருஷம் நவம்பரிலேயே, இவனைத் தீர்த்துவிடப் போகிறேன் என்று தாயாருக்கு எழுதிவிட்டார். கூடவே கூடாது என்று தாயார் தடுத்தார். ஹோம்ஸுக்காக முதன்முதல் மன்றாடிய கடிதம் அந்த அம்மாளுடையதுதான். தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை இரண்டு வருஷம் பொறுத்தார். பன்னிரண்டு கதைகளுக்கு 1,000 பவுன் என்று கேட்டால் பத்திரிகைக்காரர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று பார்த்தார். அவர்கள் ஓடவில்லை, கொடுத்தார்கள்.

மனைவியுடன் சுவிட்சர்லாந்து சென்றிருந்தபோது மெய்ரிங்கன் ஊருக்கு அருகில் ரைக்கன்பாக் அருவியைப் பார்த்தார். ஒரு பெரிய மனிதரைப் புதைக்கத் தகுந்த இடம் என்று தோன்றிவிட்டது. 1893 டிசம்பர் ‘ஸ்ட்ராண்’டில் அந்தக் கதை வெளிவந்தது.

கதையை வாசித்தவர்களுக்கு முடிவு நினைவிருக்கும். மலைப் பாதையில் குருவும் சிஷ்யரும் நடந்து போகிறார்கள். பின்னாலிருந்து ஒரு பையன் கடிதம் கொண்டு வருகிறான். கீழே ஹோட்டலில் ஓர் ஆங்கில மாது காசநோய் முற்றிச் சாகக் கிடக்கிறாள், வைத்தியர் உடனே வர வேண்டும் என்று இருக்கிறது. வாட்ஸன் வைத்தியர் அல்லவா, திரும்பி ஓடுகிறார். அது பொய்க் கடிதம். மூச்சு இரைக்க மறுபடி மேலே வந்தால், பாறையில் சாத்திய கைத்தடி மட்டும் நிற்கிறது. பக்கத்தில் வெள்ளிச் சிகரெட் பெட்டி. அதன் அடியில், குறிப்புப் புத்தகத்திலிருந்து கிழித்த சில தாள்கள். சாவுக்கு முன்னால் எதிராளியிடம் சில நிமிஷ அவகாசம் வாங்கிக்கொண்டு, குரு சிஷ்யருக்கு எழுதிய கடைசிக் கடிதம் அது.

அந்தக் கடிதத்தில் அழுகை ஒன்றும் இல்லை. வழக்குக்கு வேண்டிய தஸ்தாவேஜுகள் எங்கே இருக்கின்றன, சொத்து விஷயத்தில் என்ன ஏற்பாடு, வாட்ஸனின் மனைவிக்கு விசாரிப்பு. இவ்வளவுதான். உத்தியோகத்தை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் எழுதும் குறிப்பு மாதிரி இருக்கிறது. வந்த கடிதம் பொய் என்று அப்போதே தமக்குத் தெரியும் என்றும், தெரிந்தேதான் நண்பரை அனுப்பிவைத்ததாகவும் நடுவில் ஒரு வரி வருகிறது. அந்த வரியைத் தாண்டுவதுதான் கஷ்டம். வாட்ஸன் பள்ளத்தாக்கை நோக்கிக் கூவுகிறார். அருவியின் இரைச்சலைத் தவிர வேறு பதில் இல்லை. கடிதம் எழுதினவருக்கு அவர் பதில் எழுத முடியாது.

அந்தப் பதிலைத்தான் வாசகர்கள் எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. லண்டனில் வாலிபர்கள் தொப்பியில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு திரிந்ததாக ஒரு கதை உண்டு. அது பின்னால் கிளம்பிய கதை. அந்த நாளையப் பத்திரிகைகளில் தேடியவர்களுக்கு அது அகப்படவில்லை. 20,000 பேர் சந்தாவை நிறுத்தினார்கள் என்று சொல்வதும் வழக்கம். ஆனால் கடிதங்கள் வந்தது மெய். டாயிலே 1924-இல் வெளியிட்ட சுயசரிதையில் அதைச் சொல்கிறார். ஓர் அம்மாள், மரியாதைக்குக் கூட ஒரு விளிச்சொல் இல்லாமல், எடுத்த எடுப்பிலேயே அவரை மிருகம் என்று அழைத்துக் கடிதத்தைத் தொடங்கியிருந்தாளாம். பலர் அழுததாகக் கேள்விப்பட்டேன், எனக்கோ சற்றும் உறைக்கவில்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறார் அந்த மனிதர்.

கல்நெஞ்சம் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அந்த 1893-ஆம் வருஷத்தில் அவர் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். அக்டோபர் மாதத்தில் தகப்பனார் இறந்தார். குடியால் கெட்டு, புத்தி பேதலித்தவர்களுக்கான விடுதிகளில் வருஷக்கணக்காக இருந்த சித்திரக்காரர் அவர். அதே வருஷத்தில் மனைவி லூயிஸாவுக்குக் காசநோய் கண்டது. சில மாதங்கள்தாம் தாங்குவாள் என்றார்கள். அவளை அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்னும் மலையூருக்குப் போனார் டாயில். உயிருள்ள மனைவி இருமிக்கொண்டிருக்கையில், காகிதத்தில் பிறந்து காகிதத்தில் இறந்த ஒருவனுக்காகக் கட்டுக்கட்டாக இரங்கல் கடிதம் வந்து விழுந்தால் எந்த மனிதருக்குத்தான் உறைக்கும்? ஹோம்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே, ஒரு பண்டத்தை அளவுக்கு மிஞ்சித் தின்றவனைப் போலக் குமட்டுகிறது என்றார். கொலை அல்ல, தற்காப்பு என்று எழுத்தாளர் சங்கம் ஒன்றில் வாதாடினார்.

ஆனால் எழுதினவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு டாயிலின் வீட்டுச் சங்கதி தெரியாது. பேக்கர் தெருவின் மாடி அறைதான் தெரியும். எந்தக் குழப்பத்தையும் கொண்டுபோய் அந்த அறையில் வைத்தால் ஒருவர் கண்ணை மூடிக் கேட்பார், கடைசியில் ஒரு வழி சொல்வார் என்ற தைரியம் மாதந்தோறும் ஆறு பென்ஸுக்குக் கிடைத்துவந்தது. அது ஒரு நாள் பறிபோயிற்று. அந்தத் தைரியத்தைக் கொடுத்தவர் மறைந்தால், விடை கொடுக்க யாரிடம் போவது?

பத்து வருஷம் கழித்து, 1903-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று பெருந்தொகை கொடுக்க முன்வந்தபோது டாயில் இறங்கிவந்தார். நடுவில் 1901-இல் ஆரம்பித்த பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதை, ஹோம்ஸ் இறப்பதற்கு முந்திய சம்பவம் என்ற சாக்கோடு வந்தது. இப்போது சாக்குப் போக்கு இல்லை; ஆளே திரும்பி வந்தார். அருவியில் விழவே இல்லையாம். கிழட்டுப் புத்தக வியாபாரி வேஷத்தில் வந்த குரு வேஷத்தைக் கலைத்ததும் வாட்ஸன் மூர்ச்சை போட்டு விழுகிறார். அந்தக் கடைசிக் கடிதத்தை மூன்று வருஷம் நெஞ்சில் சுமந்தவர் அல்லவா? நானாக இருந்தால் மூர்ச்சை தெளிந்ததும் இரண்டு வார்த்தை சூடாகக் கேட்டிருப்பேன். வாட்ஸன் கேட்கவில்லை. கார்ன்வால் பகுதிப் படகோட்டி ஒருவர் டாயிலிடம் சொன்னாராம்: விழுந்ததில் ஹோம்ஸ் சாகாமல் இருக்கலாம், ஆனால் அதற்கப்புறம் பழைய ஆளாக இல்லை என்று. விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைப் படகோட்டி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷக் கடைசியில், ஹோம்ஸ் தொழிலை விட்டு ஸஸெக்ஸ் கிராமப்புறத்தில் தேனீ வளர்க்கப் போய்விட்டார் என்று ஒரு கதையில் செய்தி வந்தது. உடனே மறுபடியும் தபால். இந்தத் தடவை இரங்கல் அல்ல. வயதான ஸ்திரீகள் சிலர், அவருக்கு வீட்டு நிர்வாகம் பார்த்துக்கொள்ளத் தயார் என்று எழுதினார்கள். ஓர் அம்மாள் தமக்குத் தேனீ வளர்ப்பும் அத்துபடி, ராணித் தேனீயைப் பிரிக்கவும் தெரியும் என்று சிபாரிசு சேர்த்திருந்தாள். இதை டாயில் பரிகாசமாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக ஓய்வு பெற்றுப் போகும் வாத்தியாருக்கு வேளைக்குச் சாப்பாடு யார் போடுவார்கள் என்று கவலைப்படுவது பைத்தியக்காரத்தனமா?

1906 ஜூலையில் லூயிஸா இறந்தாள். பதின்மூன்று வருஷம் அவளைக் காப்பாற்றி வைத்திருந்த டாயில் இடிந்துபோய், எழுத்தை விட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வருஷக் கடைசியில் வந்த ஒரு கடிதம் அவரை எழுப்பியது.

எழுதினவர் ஜார்ஜ் இடால்ஜி என்ற வாலிப வக்கீல். தகப்பனார் பம்பாய்ப் பார்ஸி. கிறிஸ்தவராகி, ஸ்டாஃபர்ட்ஷயரில் கிரேட் வைர்லி என்ற கிராமத்துக் கோவில் பாதிரியாராக இருந்தவர். தாயார் ஆங்கில மாது. அந்தக் குடும்பத்துக்கு வருஷக்கணக்காக மொட்டைக் கடிதங்கள் வந்து உபத்திரவம் செய்தன. பிறகு அந்த வட்டாரத்தில் இரவு வேளைகளில் யாரோ கால்நடைகளின் வயிற்றைக் கிழித்துப்போட, பழி ஜார்ஜின் மேல் விழுந்தது. மொட்டைக் கடிதங்களையும் அவனே எழுதினான் என்றார்கள். 1903 அக்டோபரில், ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் ஹோம்ஸ் உயிரோடு திரும்பிய அதே மாதத்தில், அவருக்கு ஏழு வருஷக் கடுங்காவல் கிடைத்தது. மூன்று வருஷம் கழித்து விட்டுவிட்டார்கள். ஏன் விட்டோம் என்று சொல்லவில்லை. குற்றவாளி என்ற பெயரும் போகவில்லை, வக்கீல் சன்னதும் திரும்பவில்லை.

1907 ஜனவரியில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் இருவரும் சந்தித்தார்கள். டாயில் வரச் சற்றுத் தாமதமாயிற்று. முன்கூடத்தில் ஒருவர் பத்திரிகையை முகத்தோடு ஒட்டி, ஒரு பக்கமாகச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். வியன்னாவில் கண் வைத்தியம் படித்தவர் டாயில். கிட்டத்துப் பொருளே தெரியாத இந்தக் கண்ணா, நள்ளிரவில் வேலி தாண்டி வயல் கடந்து போய் மிருகங்களைக் குத்தியது? பேசுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது விஷயம். பெல் இருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார் என்று எழுத வந்தேன். பெல் அப்போது உயிரோடுதான் இருந்தார், 1911-இல்தான் காலமானார்.

‘டெய்லி டெலிகிராஃப்’ பத்திரிகையில் டாயில் எழுதிய கட்டுரைகள் ஊரைக் கலக்கின. அவருக்கும் மொட்டைக் கடிதங்கள் வந்தன. மே மாதத்தில் அரசாங்கம் குற்றத்தை மன்னித்தது. மொட்டைக் கடிதங்களை மட்டும் ஜார்ஜ்தான் எழுதினார் என்று சாதித்து, நஷ்டஈடு தர மறுத்தது. சன்னது திரும்பியது. குற்ற வழக்குகளுக்கு மேல் முறையீட்டுக் கோர்ட்டு வேண்டும் என்ற கிளர்ச்சிக்கும் இந்த வழக்கு பலம் கொடுத்தது; அந்த வருஷமே சட்டம் வந்தது.

டாயில் 1927-இல் கடைசிக் கதையை எழுதி, தாமே வாசகர்களுக்கு ஹோம்ஸின் சார்பாக ஒரு விடைபெறும் குறிப்பும் எழுதினார். அறுபது கதைகளும் அத்தோடு முடிந்தன. ஆனால் இரண்டாந்தடவை ஹோம்ஸைக் கொல்லவில்லை. 1930 ஜூலையில் காலமானது டாயில்தான்.

தபால்காரர் போனபின் தபால் நின்றுவிட வேண்டியதுதானே? நிற்கவில்லை. 221-பி, பேக்கர் தெரு என்ற விலாசம் டாயில் எழுதிய காலத்தில் கிடையாது. அத்தனை இலக்கம் வரை அந்தத் தெரு எட்டவில்லை. பின்னால் தெரு நீண்டு இலக்கங்கள் மாறியபோது, 1932-இல் அங்கே எழும்பிய பெரிய கட்டடம் வீட்டுக் கடன் கொடுக்கும் சங்கம் ஒன்றுக்கு வந்தது. 221 என்ற எண்ணும் அதற்குள் அடங்கியது. வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்த சங்கத்தார், பதில் போடுவதற்கென்றே ஹோம்ஸின் காரியதரிசியாக ஒருவரை நியமித்துவிட்டார்கள். காணாமல் போன பூனைக்குட்டியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் குழந்தைகள் முதல், சும்மா நலம் விசாரிப்பவர்கள் வரை எழுதினார்கள். அவற்றில் தேர்ந்தெடுத்த சில 1985-இல் புத்தகமாகவும் வந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கம் அந்தத் தெருவை விட்டுப் போயிற்று. 1990-இல் அதே தெருவில் திறந்த ஹோம்ஸ் பொருட்காட்சிசாலைக்குத் தபால் போகிறது.

காரியதரிசி எழுதிய பதிலின் சாரம் இது: திரு. ஹோம்ஸ் ஓய்வு பெற்று ஸஸெக்ஸில் தேனீ வளர்க்கிறார், வழக்குகள் எடுத்துக்கொள்வதில்லை, தங்கள் அன்புக்கு நன்றி.