மார்பணி காத்த பெயர்

இலண்டனிலுள்ள தேசிய உருவப்படக் காட்சியகம் 1965ஆம் ஆண்டில் பழைய ஓவியம் ஒன்றை விலைக்கு வாங்கிற்று. ஆளுயரப் படம். துருக்கிக் கம்பளத்தின் மீது ஒரு சீமாட்டி நிற்கிறார். சிவந்த உட்கைகள், அவற்றின் மேல் உரோமம் தைத்த அகன்ற கைமடிப்புகள், மார்பில் மகுட வடிவிலமைந்த ஓர் அணி. காட்சியகத்தார் அவரை ஜேன் கிரே என்றனர். 1553 ஜூலையில் ஒன்பதே நாள்கள் அரசியெனப் பெயர் தாங்கி, 1554 பிப்ரவரி 12ஆம் நாள் தலை வெட்டுண்ட அந்த இளநங்கையின் முகம் இதுதான் என்று கண்டோர் உருகினர். நூல்களும் அவ்வாறே அச்சிட்டன.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்பெயர் நிலைத்தது. அதனை மாற்றியது முகமன்று, நகை.

டியூடர் அரசவையில் நகைகளுக்கும் துணிகளுக்கும் கணக்கு உண்டு. ஓவியருக்குக் கொடுத்த கூலியும் ஏட்டிலேறும். இளவரசி மேரியின் செலவேட்டில், தம்மைப் படமெழுதிய ஜான் என்பவனுக்கு 1544இல் ஐந்து பவுன் கொடுத்த குறிப்பு இருக்கிறது. நாம் பேசும் படமும் அந்த ஜானின் கைவேலை என்றே கருதப்படுகிறது. சூசன் ஜேம்ஸ் என்னும் ஆய்வாளர் எட்டாம் ஹென்றியின் ஆறாம் மனைவி கேதரின் பாரின் நகைப் பட்டியலை ஆராய்ந்தார். படத்திலுள்ள மகுட அணி அப்பட்டியலில் இருந்தது. 1996இல் அவர் இதனை வெளியிட்ட பின்னர், காட்சியகமும் பெயரை மாற்றிக்கொண்டது. அக்காலத்தில் ஆளுயரப் படம் மிக அரிது, பெருஞ்செலவும் பிடிக்கும். 1545 அளவில் தீட்டப்பட்ட இப்படம் அன்று சிறுமியாயிருந்த ஜேனுக்கு உரியதாவதினும் அரசிக்கு உரியதாவதே பொருத்தமன்றோ!

ஆடையை இவ்வளவு நம்பலாமா என்று கேட்கலாம். அக்கால ஓவியர் துணியில் காட்டிய கவனம் வியப்புக்குரியது. வின்சர் அரண்மனைத் தொகுப்பிலுள்ள ஹோல்பைனின் கோட்டுப்படங்கள் சிலவற்றில், எந்த இடத்தில் என்ன துணி, என்ன நிறம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆடை சில வேளை செவிவழிச் செய்தியையும் திருத்திவிடும். பிறைபோல் வளைந்த பிரெஞ்சுத் தலையணியை ஆன் பொலினோடு சேர்த்தே பேசுவது வழக்கம். அவர் வாழ்ந்த காலத்தே செய்யப்பட்டதென ஐயமின்றிக் கொள்ளத்தக்க உருவம், மூக்குச் சிதைந்த ஓர் ஈயப் பதக்கம், 1534ஆம் ஆண்டினது. அதில் அவர் அணிந்திருப்பதோ வீட்டுக்கூரைபோல் முக்கோணமாய் எழும் ஆங்கிலத் தலையணி!

கேதரின் பாருக்கு நகைகளால் வந்தது பெருமை மட்டுமன்று. 1547 ஜனவரியில் ஹென்றி மறைந்தபின், இளம் மன்னர்க்காக ஆட்சி நடத்திய சோமர்செட் கோமகன் அரசியின் நகைகளைக் கொடுக்க மறுத்தார். வழக்குத் தீருமுன்பே, 1548 செப்டம்பர் 5ஆம் நாள், பெண் மகவு ஈன்ற சில நாள்களில் கேதரின் இறந்தார். 1545இலேயே தம் பெயரில் நூல் வெளியிட்ட அரசி அவர். பிறர் கைக்குப் போன நகைகளுள் ஒன்றே, நாலரை நூற்றாண்டுக்குப் பின் அவர் முகத்தை அவருக்கு மீட்டுத் தந்தது.

ஆயின் ஜேன் கிரேக்கு எஞ்சியது யாது? உயிரோடிருந்தபோது எழுதப்பட்டதென உறுதியாகச் சொல்லத்தக்க படம் ஒன்றுமில்லை. 2006இல் அதே காட்சியகம் வாங்கிய மற்றொரு படமும் அவர் இறந்து நாற்பதாண்டு அளவில் தீட்டப்பட்டதே. இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாதவரல்லர். கேதரினின் இல்லத்தில் ஜேன் வளர்ந்ததுண்டு. சூட்லி கோட்டையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டபோது, துக்கம் காப்போருள் முதல்வராக நின்றவரும் ஜேனே. அன்று அவருக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ.