ஸ்பேக்னம் ஒளிச்சேர்க்கையும் பீட் நில நீர்மட்டமும்

ஸ்பேக்னம் என்பது பெரும்பாலும் குளிர்ந்த ஈரநிலங்களில் வளரும் ஒரு மாஸ் தாவரப் பேரினம் ஆகும். இதன் இறந்த பகுதிகள் முழுமையாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிவதால் பீட் (முற்றா நிலக்கரி) உருவாகின்றது. பீட் நிலங்கள் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே எனினும், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிடக் கூடுதலான கரிமத்தைச் சேமித்து வைத்துள்ளன. மாஸின் ஒளிச்சேர்க்கை, மட்குதலை விஞ்சி நிற்கும்வரையே இச்சேமிப்பு வளரும். இச்சமநிலையைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணிகளுள் ஒன்று நீர்மட்டம் ஆகும்.

உடலமைப்பு

ஸ்பேக்னத்துக்கு வேர்களோ, நீர் கடத்தும் குழாய்த் திசுவோ, திறந்து மூடும் இலைத்துளைகளோ இல்லை. நெருங்கி அமைந்த கிளைகளுக்கும் இலைகளுக்கும் இடையே நுண்புழை விளைவால் நீர் மேலேறுகின்றது. இலைகள் ஒரே ஒரு செல் தடிப்புடையவை. அவற்றில் இருவகைச் செல்கள் காணப்படுகின்றன:

1. துளைகளுடைய பெரிய, உயிரற்ற செல்கள். இவை நீரைத் தேக்குகின்றன.
2. அவற்றின் இடையே வலைபோல் அமைந்த குறுகிய உயிர்ச்செல்கள். இவற்றிலுள்ள பச்சையமே ஒளிச்சேர்க்கை செய்கின்றது.

நீர்மட்டம் உயரும்போது

கார்பன் டை ஆக்சைடு, காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றது. இலையின்மேல் நீர்ப்படலம் தடிக்கும்போது இவ்வளிமம் உயிர்ச்செல்களை எளிதில் அடைவதில்லை, ஒளிச்சேர்க்கை குறைகின்றது. நீரில் மூழ்கிய மாஸில் வாழும் சில பாக்டீரியாக்கள் மீத்தேனை ஆக்சிசனேற்றம் செய்து, அதற்குக் கார்பன் டை ஆக்சைடு வழங்குவது 2005ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

நீர்மட்டம் தாழும்போது

நீர்ப்படலம் மெலிவதால் முதலில் ஒளிச்சேர்க்கை அதிகரிக்கின்றது. இடைப்பட்ட ஈரநிலையில் உச்சத்தை அடைகின்றது. மேலும் உலர்ந்தால் தேக்குசெல்களில் காற்று நிரம்பி மாஸ் வெளிறுகின்றது. உயிர்ச்செல்கள் விறைப்பை இழக்க, ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகின்றது. அதேவேளை பீட்டினுள் ஆக்சிசன் புகுவதால் மட்குதல் விரைவடைகின்றது. எனவே நெடிய வறட்சியில், கரிமத்தைச் சேமித்த நிலம் அதனை வெளியிடும் நிலமாக மாறக்கூடும்.

இனங்களுக்கிடையே வேறுபாடு

மேடுகளில் வளரும் ஸ்பேக்னம் ஃபஸ்கம், நீர்மட்டத்துக்கு மிக மேலே இருப்பினும், நெருக்கமாக வளர்வதால் நீரை மேலிழுத்து ஈரமாகவே இருக்கின்றது. பள்ளங்களில் வளரும் ஸ்பேக்னம் கஸ்பிடேட்டம் தளர்வாக வளர்வதால், நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்தாலும் விரைவில் உலர்கின்றது.

நில மீட்பு

கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள புவா-டே-பெல் பீட் நிலம், பீட் எடுப்பதற்காக வடிகால் வெட்டப்பட்டு, 1980இல் கைவிடப்பட்டது. 1999இல் ஒரு பகுதியில் வடிகால்கள் அடைக்கப்பட்டு, மாஸ் துண்டுகள் தூவப்பட்டு, வைக்கோல் மூடாக்கு இடப்பட்டது. மாஸ் மீண்டும் படர்ந்து நீர்மட்டம் உயர்ந்தது. எனினும் புதிய மாஸ் அடுக்கின் பெருந்துளைகள், அடியிலுள்ள அடர்ந்த பீட்டிலிருந்து போதிய நீரை மேலிழுக்க இயலவில்லை. மாஸுக்குக் கிட்டும் ஈரத்தை அறிய நீர்மட்டத்தை மட்டும் அளப்பது போதாது என்பதை இது காட்டியது. ஆயினும், மீட்புக்கு ஏறத்தாழ 14 ஆண்டுகளுக்குப் பின் தொடங்கிய அளவீடுகளில், அந்நிலம் மீண்டும் கரிமத்தைச் சேமிப்பது கண்டறியப்பட்டது.