விழுந்த கெர்னலுக்கு வெளியே ஒரு சாட்சி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் காரணம் புரியாமல் விழுவதை ஆராய்ந்தவர்களின் வரலாறு, அதற்கு வெளியே ஒரு சாட்சியை நிறுத்திய வரலாறுதான். முதலில் இருந்த எல்கேசிடி என்ற கருவி, விழுந்த கெர்னலின் வட்டு இயக்கிகளைக் கொண்டே நினைவகத்தைப் பதிந்தது. உயிர் போகும் நேரத்தில் கேட்ட வாக்குமூலம் அது, பாதியில் நின்றுவிடும். பெங்களூரு ஐபிஎம் பொறியாளர்களின் பங்களிப்போடு பிறந்த கேடம்ப் என்ற வழிமுறை, 2005இல் கெர்னலின் 2.6.13 பதிப்பில் சேர்ந்தபோது நிலைமை மாறியது. கணினி எழும்போதே நினைவகத்தில் ஒரு துண்டு ஒதுக்கப்பட்டு, இன்னொரு கெர்னல் அங்கே காத்திருக்கும். முதல் கெர்னல் விழுந்ததும் இது எழுந்து, அதன் நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பாகக் காட்டும்.

2007இல் 2.6.20 பதிப்போடு கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதி வந்ததும் சாட்சி இன்னும் விலகி நின்றது: மெய்நிகர் கணினி உறைந்தாலும், அதைச் சுமக்கும் கணினி அதன் நினைவகத்தை எடுத்துவிடலாம். இறுதிக் காட்சி மட்டும் போதுமா என்று கேட்பது நியாயமே. நினைவகத்தைக் கெடுத்த நிரல் எப்போதோ போயிருக்கும். பிடிபடுவது அடிபட்ட நிரல். 2015இல் 4.0 பதிப்பில் வந்த கேசான் என்ற நினைவகப் பிழை கண்டறியும் கருவி அதற்குப் பதில் தந்தது. எட்டு பைட்டுக்கு ஒரு நிழல் பைட்டை வைத்து, விடுவித்த இடத்தை யாராவது தொட்ட கணத்திலேயே அறிவிக்கும். ஆனால் வேகமும் நினைவகமும் வெகுவாகக் குறையும். அதனால் அன்றாடச் சேவையில் ஓடும் கணினிகளில் பெரும்பாலும் கேடம்ப்தான் காவல் நிற்கிறது.